விறகுக்கு நட்ட மரமும் சீனத் தைலமும்: வெலிங்டனிலிருந்து ஒரு மருந்து வரலாறு

தலைவலி, மூக்கடைப்பு, கண் எரிச்சல், உறக்கம் பிடிக்காத இரவு ஆகியவற்றுக்குத் தமிழ்க் குடும்பங்கள் முதலில் தேடும் மருந்து பெரும்பாலும் ஒரு சிறு தைலப் புட்டியாகவே இருந்துவந்துள்ளது. அந்தப் புட்டி இரண்டு வழிகளில் வீட்டுக்கு வந்தது. ஒன்று, ஊட்டி, குன்னூர்ப் பயணத்திலிருந்து வரும் நீலகிரித் தைலம். மற்றொன்று, சிங்கப்பூர், மலேயா, பர்மா ஆகிய இடங்களிலிருந்து ஊர் திரும்புவோரின் பெட்டியில் வரும் கோடாலித் தைலமும் புலி மார்க் தைலமும். முன்னதை மலைக்கே உரிய பழம் மருந்தென்றும், பின்னதைச் சீனரின் தொன்மையான கைமருந்தென்றும் கொள்வது பொதுவழக்கு. இரண்டு நம்பிக்கைகளும் பாதியளவே சரி. இரு தைலங்களும் 19ஆம் நூற்றாண்டின் பாளையங்களாலும் துறைமுகங்களாலும் உருவான உறவுக்காரர்கள் என்பதை விளங்கிக்கொள்ள வெலிங்டனிலிருந்து தொடங்குவதே பொருத்தமான வழி.

குன்னூருக்கு அருகில் ஜெகதளா என்ற படகர் ஊரின் பெயரால் அறியப்பட்ட இடத்தில், சமவெளியின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் நலிந்த ஐரோப்பியப் படைவீரர்கள் உடல் தேறுவதற்கென 1852ஆம் ஆண்டில் படைக் குடியிருப்பு கட்டும் பணி தொடங்கியது. 1860ஆம் ஆண்டில் அவ்விடத்துக்கு வெலிங்டன் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. இன்று ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் என வழங்கும் அந்தக் கட்டடத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இயங்குகிறது. அன்றைய ஆங்கில மருத்துவர்களின் கணக்கில் மலைக்காற்றே ஒரு மருந்து. பசியையும் உறக்கத்தையும் மீட்டுத் தருவது அதன் முதற் குணம். ஆனால் குளிர்ந்த மலையில் ஒரு படையைக் குடியமர்த்த விறகு வேண்டும். சமையலுக்கும் வெந்நீருக்கும் குளிர்காய்வதற்கும் அருகிலிருந்த சோலைகள், அதாவது மலை மடிப்புகளில் ஓடையையொட்டி அடர்ந்து நிற்கும் பசுங்காடுகள், விரைவாக வெட்டப்பட்டன. மெதுவாக வளரும் சோலை மரங்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

அந்த நெருக்கடிக்கு விடையாகவே ஆஸ்திரேலியாவின் நீலப் பசை மரம் மலையில் பெருகியது. 1843ஆம் ஆண்டில் கேப்டன் காட்டன் அம்மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவந்ததாக மாவட்ட வரலாற்று நூல்கள் குறிக்கின்றன; அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அரசு முறைப்படி தோட்டங்கள் அமைத்து, ஊட்டிக்கும் வெலிங்டன் பாளையத்துக்கும் விறகு வழங்க அதையே நம்பியது. யூகலிப்டஸ் குளோபுலஸ் என்று தாவரவியல் அழைக்கும் இம்மரத்துக்கு நீலகிரி மக்கள் இட்ட பெயர் கற்பூர மரம். சமவெளியில் அது தைல மரம். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்விடுவது அதன் இயல்பு. அந்த மறுதளிரின் இலைகள் அகன்று, சாம்பல் பூத்த நீலநிறத்தில், தண்டின் இருபுறமும் எதிரெதிராக அமைந்திருக்கும். முதிர்ந்த மரத்தின் இலையோ அரிவாள்போல் வளைந்து தொங்கும். விறகு வெட்டிய இடத்தில் தழை மிஞ்சியது. அந்தத் தழையிலிருந்து தைலம் பிறந்தது. நீலகிரித் தைலம் மருந்துக்கென வளர்க்கப்பட்ட மூலிகையின் பயன் அன்று. படைவீடுகளின் அடுப்புக்கு வெட்டிய மரத்தின் மிச்சம் என்பதை அதன் வரலாற்றை எழுதுவோர் அழுத்திச் சொல்வதில்லை.

தழையைப் பெரிய கொப்பரையில் திணித்து, நீர் விட்டு மூடி, அடியில் விறகிட்டு எரிப்பதும், எழும் ஆவியைக் குழாய்வழியே ஓடைநீரில் மூழ்கிய சுருளுக்குள் செலுத்திக் குளிரவைப்பதும் இம்மலையின் தைலக் கொட்டகைகளில் தலைமுறைகளாக நடந்துவந்த முறை. எரிப்பதற்கும் அதே மரத்தின் சுள்ளிகள் போதும், ஓடை பக்கத்திலேயே ஓடுகிறது என்பதால், கொட்டகை போடப் பெரிய முதல் தேவைப்படவில்லை. நூறு கிலோ பச்சைத் தழைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தைலமே கிடைக்கும். வடிகலத்தில் தைலம் நீரின் மேல் மிதப்பதால், மேலிருந்து வழித்தெடுத்துவிடலாம்.

இதே கொட்டகைகளில் வடிக்கப்படும் இன்னொரு தைலம் இதற்கு நேர்மாறாக நீரினடியில் தங்கும். அது விண்டர்கிரீன் தைலம். கோல்தேரியா பிராகரன்டிசிமா என்னும் சிறு புதரின் இலையிலிருந்து பெறுவது. கற்பூர மரம் வந்தேறி. இந்தப் புதரோ நீலகிரியின் உயரமான சரிவுகளிலும் சோலை விளிம்புகளிலும் தானே வளரும் மண்ணின் செடி. அதன் தைலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள்தான். ஆனால் பச்சை இலையில் அப்பொருள் சர்க்கரையோடு பிணைந்து மணமின்றி அடங்கியிருப்பதால், இலையை நசுக்கி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இலையிலுள்ள நொதியே பிணைப்பை அறுக்கும்வரை காத்திருந்து, அதன் பின்னரே அடுப்பு மூட்ட வேண்டும். கொய்னா மருந்து தரும் நீலகிரிச் சிங்கோனாத் தோட்டங்களின் அரசு வேதியியலாளராக இருந்த பிராட்டன், 1860களின் பிற்பகுதியிலும் 1870களின் தொடக்கத்திலும் இத்தைலத்தை ஆராய்ந்து, அது அமெரிக்க விண்டர்கிரீனைவிடத் தூயது என்று கண்டதோடு, அதிலிருந்து கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியைத் தயாரிக்கலாம் என்றும் பரிந்துரைத்தார். நிலக்கரித் தாரிலிருந்து அந்த அமிலம் மலிவாகக் கிடைத்ததால் பரிந்துரை ஏட்டோடு நின்றது. தைலம் மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் தடவுமருந்தாக நிலைபெற்றது.

இவ்விரு தைலங்களும் பின்னாளில் எந்தச் சீன மருந்துகளோடு உறவு கொண்டனவோ அவற்றைப் புரிந்துகொள்ள, மன அமைதி, உறக்கம், ஐம்பொறிகள் ஆகியவற்றைச் சீன மருத்துவம் எவ்வாறு கண்டது என்பதை அறிய வேண்டும். ஈரலுக்குக் கண், சிறுநீரகத்துக்குக் காது, நுரையீரலுக்கு மூக்கு, இதயத்துக்கு நாக்கு, மண்ணீரலுக்கு வாய் என ஒவ்வொரு உள்ளுறுப்பும் ஒரு வாயிலைத் திறந்துவைத்திருக்கிறது என்பது அதன் அடிப்படை வரைபடம். ‘ஷென்’ எனப்படும் உணர்வறிவு பகலில் கண்களில் ஒளிர்ந்து, இரவில் இதயத்தின் குருதிக்குள் அடங்குகிறது. குருதி மெலிந்தாலோ சூடேறினாலோ அது அடங்க இடமின்றி அலைவதே உறக்கமின்மை. ஆகவே உறக்கத்துக்கும் பார்வைக்கும் தனித்தனி மருந்து தேடாமல், இரண்டையும் குருதியைச் சேமித்துவைப்பதாகக் கருதிய ஈரலின் வழியே அணுகுவது அம்மருத்துவத்தின் வழக்கம்.

உறக்கத்துக்கான சீன மருந்துகளில் மிகப் பெயர்பெற்றது, கிபி 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவரின் நூலில் இடம்பெறும் சுவான் சாவ் ரென் கசாயம். காட்டு இலந்தையின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பே அதன் தலைமைச் சரக்கு. அதிமதுரம் உள்ளிட்ட நான்கு துணைச் சரக்குகள் அதனுடன் சேரும். தமிழ்நாட்டுக் கரட்டு நிலங்களில் காய்க்கும் இலந்தை இதற்கு மிக நெருங்கிய இனம். சீனாவின் யுன்னானிலும் பர்மாவிலும் நம் இலந்தையின் பருப்பு, விலை உயர்ந்த சீனப் பருப்போடு கலப்படச் சரக்காகச் சந்தைக்குப் போகிறது என்பது சீன மருந்துத் தர ஆய்வாளர்களின் நெடுநாள் புகார். நம் பக்கத்தில் இலந்தைப் பழம் வடையாகி முடிந்துவிடுகிறது, கொட்டை குப்பைக்குப் போகிறது. பார்வைக்கான மருந்திலும் இதே நிலைதான். கண்ணைத் தெளிவாக்கும் என்று சீனர் வறுத்துத் தேநீர்போல் காய்ச்சிப் பருகும், தலையணையில் அடைத்தும் உறங்கும் ஜுவே மிங் விதை, நம் சாலையோரத் தகரைச் செடியின் குடும்பத்தது; தமிழ் மருத்துவம் தகரையைப் படைக்கும் சிரங்குக்கும் பூசும் தோல் மருந்தாகவே பெரிதும் அறியும்.

மூன்றாவதாகக் குறிக்கத்தக்கது வசம்பு. சளி அடைத்து மங்கிய அறிவையும் காதையும் திறப்பதென்று சீனர் கையாளும் ஷி சாங் பு, வசம்பின் உடன்பிறப்பான ஒரு நீர்க்கரைச் செடியின் கிழங்கு. பிள்ளை வளர்ப்பான் என்றும், இரவில் பெயர் சொல்லக் கூடாதென்பதால் பேர் சொல்லாதது என்றும் தமிழ் வீடுகளில் வழங்கிய வசம்பு, விளக்கில் சுட்டு உரைத்துக் குழந்தையின் நாவில் தடவப்பட்டது. வயிற்று உப்புசம் தணிந்து குழந்தை உறங்கும் என்பதோடு பேச்சும் தெளியும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. இரு நாட்டினரும் ஒரே இனத்துக் கிழங்கை ஏறத்தாழ ஒரே நோக்குக்குப் பயன்படுத்திய அரிய இடம் இது. இந்திய வசம்பில் மிகுந்துள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உடையதென்று ஆய்வுகள் காட்டியதால், பல நாடுகள் அதை உணவில் சேர்ப்பதைத் தடுத்தோ கட்டுப்படுத்தியோ வைத்துள்ளன என்பதையும் உடன் சொல்ல வேண்டும். மனத்தை அமைதிப்படுத்தச் சீனர் மாத்திரையில் சேர்த்த சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் கூடிய செந்நிறக் கல், சித்த மருத்துவத்துக்கும் பழக்கமான சரக்கே.

இத்தனை ஒற்றுமை இருந்தும் அந்தக் கசாயங்கள் தமிழரிடம் வந்து சேரவில்லை. சீனர் நீலகிரிக்கு வராமலும் இல்லை. 1867ஆம் ஆண்டுவரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை கல்கத்தாவின் ஆட்சிக்குள் இருந்ததால், இந்தியக் கைதிகள் அங்கும், அங்குள்ள சிறைகளில் இடமின்றிப் போன சீனக் கைதிகள் சென்னை மாகாணச் சிறைகளுக்கும் அனுப்பப்பட்டனர்; சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயத்தை இந்தியக் கைதிகள் கட்டிய அதே காலகட்டத்தை ஒட்டி, நீலகிரியில் லவ்டேல் லாரன்ஸ் விடுதிக் கட்டடப் பணியிலும் நடுவட்டம் சிங்கோனாத் தோட்டத்திலும் சீனக் கைதிகள் உழைத்தனர். அவர்கள் அபினிப் போரில் பிடிபட்ட போர்க்கைதிகள் என்று மலையில் வழங்கும் கதை சுவையானதுதான். ஆனால் மாவட்டக் குறிப்புகள் அவர்களை நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட அம்மூன்று ஊர்களின் குற்றவாளிகள் என்றே சொல்கின்றன, அதுவே ஏற்கத்தக்கது. விடுதலைக்குப் பின் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து குடும்பமாயினர். அக்குடியிருப்பை நேரில் கண்டு தம் 1909ஆம் ஆண்டு நூல்தொகுதியில் எழுதிய இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன், அவர்கள் காய்கறியும் காப்பியும் பயிரிட்டு நேர்மையாகப் பிழைத்ததாகக் குறிக்கிறார். மருந்து விற்றதாகவோ நாடி பார்த்ததாகவோ அவர் குறிப்பில் இல்லை.

கசாய மருத்துவம் கடக்காததற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. நாடி பார்க்கும் மருத்துவர், நூற்றுக்கணக்கான இழுப்பறைகள் கொண்ட மருந்துக்கடை, சரக்கை நிறுத்துப் பொட்டலமிடும் ஆள், காய்ச்சும் முறை தெரிந்த வீட்டுப் பெண் என நால்வர் சேர்ந்தால்தான் ஒரு சுவான் சாவ் ரென் கசாயம் கோப்பைக்கு வரும்; இந்த நால்வரும் சீன மொழிக்குள் வாழ்பவர்கள். பினாங்குத் தெருவில் சீன மருந்துக்கடைக்கு அடுத்த வாசலில் தமிழர் கடை இருந்தாலும், இடையிலிருந்த மொழிச் சுவர் உயரமானது. தடவும் தைலத்துக்கு நாடி வேண்டாம், மொழி வேண்டாம். எழுத்தறியாதவருக்கும் புட்டியின் மேல் இருக்கும் புலிப்படமோ கோடாலிப்படமோ போதும்.

தைலத்தின் சரக்குகளில் ஒரு பகுதி உண்மையிலேயே பழஞ்சீன மருந்துகள்தாம். போ ஹே எனப்படும் புதினா இனம், காற்றையும் சூட்டையும் வெளியேற்றித் தலையையும் கண்ணையும் தெளிவாக்குவது என்பது சீன மருந்து நூல்களின் கூற்று. பச்சைக் கற்பூரம், அதாவது சுமத்ரா, போர்னியோக் காடுகளின் நெடுமரங்களினுள்ளே படிகமாக உறையும் கற்பூரம், மயங்கிய உணர்வை எழுப்பவும் கண்நோய்க்கும் தொண்டைநோய்க்கும் பயன்பட்டது. அச்சரக்கைப் பொறுத்தவரை தமிழரும் சீனரும் ஒரே கடையின் வாடிக்கையாளர்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பெயர்போன பாருஸ் துறைக்கு அருகே, லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு அங்கு நிலைகொண்டிருந்ததைக் காட்டுகிறது. கோயிலுக்கும் மருந்துக்கும் அவர்கள் மேற்கே ஏற்றிவந்த அதே சரக்கைத்தான் சீனக் கப்பல்கள் வடக்கே கொண்டுசென்றன.

மீதிச் சரக்குகள் புதியவை. சீனாவின் யோங்டிங் வட்டாரத்துப் பூர்விகம் கொண்ட ஹக்கா இனத்து மருந்து வணிகர் ஆவ் சூ கின், 1870களில் ரங்கூனில் எங் ஆன் டோங் என்ற மருந்துக்கடையை நடத்தினார். 1908இல் அவர் மறைந்தபின் மகன்கள் பூன் ஹாவும் பூன் பாரும் அக்கடையின் களிம்பைப் புலி அடையாளத்துடன் பரப்பி, 1926இல் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுசென்றனர். 1937வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்ததையும், ரங்கூன் தெருக்களில் தமிழும் தெலுங்கும் நிறைந்திருந்ததையும் நினைத்தால், புலி மார்க் தைலம் செட்டிநாட்டு வீடுகளுக்கு எப்படி வந்தது என்பது விளங்கும். பினாங்கில் 1927இல் கான் கியோக் எங் தொடங்கிய வெள்ளைப்பூத் தைலத்தில் விண்டர்கிரீன், புதினாவிலிருந்து பெறும் மென்தால், யூகலிப்டஸ், லாவண்டர், கற்பூரம் என ஐந்து சரக்குகள். அவற்றில் இரண்டு நீலகிரிக் கொட்டகைகளில் வடிப்பவை. 1928இல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ தொடங்கிய நிறுவனத்தின் கோடாலித் தைலத்துக்கோ, ஒரு ஜெர்மானிய மருத்துவரிடமிருந்து பெற்ற குறிப்பே மூலம் என்று அந்நிறுவனத்தின் வரலாறே கூறுகிறது. ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெயையும் ஐரோப்பிய வேதியியலையும் சீன வணிகத் திறமையையும் கலந்து புட்டியிலடைத்ததே தமிழர் போற்றிய சீனப் பழமருந்து. 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கி, 1914இல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனமும் அதே காலத்தின் அதே மனப்போக்கில் பிறந்ததுதான்.

இத்தைலங்கள் தரும் அமைதி எத்தகையது என்பதை அண்மைக்கால உடலியல் ஓரளவு விளக்குகிறது. தோலிலும் மூக்கிலும் உள்ள நரம்பு நுனிகளில் குளிரை உணரும் வாயிற்புரதம் ஒன்று உண்டு; 2002இல் அடையாளம் காணப்பட்ட டிஆர்பிஎம்8 என்ற அப்புரதத்தை மென்தால் நேரடியாகத் தூண்டுவதால், உண்மையில் குளிராத நெற்றி குளிர்ந்ததாகவும், அடைப்பு அப்படியே இருக்கும் மூக்கு திறந்ததாகவும் உணர்வு ஏற்படுகிறது. மூக்கினுள் செல்லும் காற்றின் அளவு மாறுவதில்லை என்று அளந்து காட்டிய ஆய்வுகள் உள்ளன. நோய் நீங்காமலே உணர்வு தெளிவதை ஏமாற்று என்று ஒதுக்க வேண்டியதில்லை. மூச்சுத் திணறும் உணர்வு தணிந்தால் உறக்கம் வருவது இயல்பே. எனினும் இவை வெளிப்பூச்சு மருந்துகள் மட்டுமே. கற்பூரமோ யூகலிப்டஸ் தைலமோ விண்டர்கிரீன் தைலமோ சிறிதளவு உள்ளே சென்றாலும் குழந்தைகளுக்கு வலிப்பு முதலான கேடுகள் நேரும். கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதும் தவறு.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சரக்குகளின் திசை மாறியது. யுன்னான் மாநிலத்தில் அதே நீலப் பசை மரத்தைப் பெருமளவில் நட்டும், கற்பூரம் தரும் வேறொரு மரத்தின் எண்ணெயிலிருந்து அத்தைலத்தின் மணப்பொருளான சினியோலைப் பிரித்தெடுத்தும், உலக யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பங்கைச் சீனா தன் கைக்குக் கொண்டுவந்தது. கொப்பரையையும் ஓடைநீரையும் நம்பிய நீலகிரிக் கொட்டகைகளால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மெத்தில் சாலிசிலேட்டும் ஆலையில் செயற்கையாகவே தயாரிக்கப்படுவதால், விண்டர்கிரீன் இலை பறிப்பது சிறு தொழிலாகச் சுருங்கியது. மென்தாலிலோ மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது: இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானின் கையிலிருந்த அத்தொழில், 1950களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியப் புதினாவால் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, ராம்பூர் வயல்களுக்கு நகர்ந்து, இன்று உலகின் மென்தாலில் பெரும்பகுதியை இந்தியா வழங்குகிறது, வாங்குவோரில் சீனா முன்னிலையில் உள்ளது.

வெலிங்டனைச் சுற்றிய சரிவுகளில் கற்பூர மரங்கள் இன்றும் நிற்கின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சுவதாகவும் சோலையையும் புல்வெளியையும் நெருக்குவதாகவும் அவற்றை அகற்றக் கோரும் குரல்கள் வலுத்துவருகின்றன. குன்னூர், ஊட்டிக் கடைகளில் விற்கும் தைலப் புட்டிகளுள் எது மலைத் தழையில் வடித்தது, எது வெளியிலிருந்து பீப்பாயில் வந்து இங்கே நிரப்பப்பட்டது என்பதை வாங்குவோர் மணத்தை வைத்துப் பிரித்தறிய இயலாது, ஏனெனில் இரண்டிலும் மணப்பது சினியோல் என்ற ஒரே வேதிப்பொருள். விண்டர்கிரீனில் செயற்கைச் சரக்கைக் கண்டறிய ஆய்வகத்தில் கரியணுக்களின் வயதை அளக்கும் முறை உண்டு: செடியின் கரியணு இந்த ஆண்டுக் காற்றிலிருந்து வந்தது, ஆலையின் கரியணு நிலத்தடி எண்ணெயிலிருந்து வந்தது.